பதினாறாவது வரி

சிங்காரவேலுவுக்குக் காது மடல்வரை கோபம். கோயம்புத்தூரில், ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறான். டீம் லீடர் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்தான். ரெண்டு வருஷம் முன்னால் வந்த பெனிட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நேரே ஜமீலா மேடத்திடம் போனான். கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவனுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"நாளைக்கே வேலைய விடறேனுங்க மேடம்."

"ஏன்?"

"அவ எழுதறது நாலு வரி, பேசறது நாப்பது வரி. வாயிருந்தாத்தான் இங்க மரியாதையா? வேலைக்கு இல்லையா?"

"நீ செஞ்சதுலயே நல்ல வேலை எது?"

யோசிக்கவே இல்லை அவன். "ஒத்துக்காத மருந்து. நோயாளிக்குச் சேராத மருந்த டாக்டர் எழுதினா ஸ்கிரீன் செவந்து நின்னுரும். ஒத்தை ஆளா மூணு வாரத்துல செஞ்சேன். இன்னிவரைக்கும் ஒரு தப்பு வரல."

"வண்டிய எடு," என்றார் மேடம்.

அவர்கள் சாஃப்ட்வேர் ஓடுகிற ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். பெண்கள் வார்டு. பொறுப்பு நர்ஸ் ராஜாத்தி சிஸ்டர் குனிந்து, கேஸ் ஷீட்டுகள்மேல் பிளாஸ்திரி ஒட்டி அதில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னங்க சிஸ்டர் எழுதறீங்க?" என்றான் சிங்காரவேலு.

"யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு. உங்க கம்ப்யூட்டர்லதான் அதுக்கு இடமே இல்லையே!"

"இருக்குங்களே!"

"எங்க இருக்கு?"

அவன் சிஸ்டரின் கம்ப்யூட்டரில் அட்மிஷன் பக்கத்தைத் திறந்தான். மேலே மூலையில் ஒரு குட்டி முக்கோணம். தொட்டான். பெட்டி விரிந்தது. அதில் ஒரு மருந்தின் பேரைப் போட்டு, அதையே டாக்டர் எழுதுவதுபோல எழுதிக் காட்டினான். ஸ்கிரீன் சிவந்து நின்றது.

ராஜாத்தி சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எப்ப இருந்து இருக்குது?"

"ஏழு மாசமாங்க."

"ஏழு மாசம்! ஏனுங், ஷிப்டுக்கு அறுபது ஷீட்டு, கை ஒடிய எழுதிட்டிருக்கறோம். போன வாரம் ஒரு பிளாஸ்திரி உரிஞ்சு விழுந்து, சேராத ஊசியப் போட்டு ஒரு அம்மாவுக்கு மூச்சே நின்னு போகப் பாத்துச்சு. ஏழு மாசமா வெச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"நான் எழுதி அனுப்பினேனுங்க. புதுசா என்ன மாறியிருக்குன்னு ஒரு பட்டியல் வருமே..."

"என்னன்னு எழுதினீங்க?"

அவன் போனில் தேடி எடுத்தான். பதினாறாவது வரியில் இருந்தது.

சிஸ்டர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன."

பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் சிரித்தேவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"வாராவாரம் பெனிட்டா வந்து உக்காந்து, என்ன கஷ்டம்னு கேட்டுட்டுப் போகுது. அதுகூட இதைச் சொல்லலையே?"

"அவளுக்குத் தெரியாதுங்க."

"ஒரே ஆபீஸ்தானுங்க?"

"பக்கத்து சீட்டு."

சிஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் சிங்காரவேலு மேடத்தின் பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"நேத்து சிஸ்டர் அந்த ஊசி விஷயத்தைச் சொல்லி போன்ல கத்தினாங்க. ஒத்துக்காத மருந்தைக் காட்டற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்க உங்களுக்கெல்லாம் துப்பில்லையான்னு கேட்டாங்க."

அவனுக்கு மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது.

"துப்பில்லையா? மேடம், நீங்களே பாத்தீங்கல்ல? எவ்வளவு சுத்தமா ஓடுச்சு! என் வேலையில என்ன தப்பு? ஒரு தப்பு சொல்லுங்க பாக்கலாம்!"

"ஒரு தப்பும் இல்ல," என்றார் ஜமீலா மேடம். "அந்த ஊசி போட்ட அம்மா இன்னும் வீட்டுக்குப் போகல. பதினோராம் கட்டில். உள்ள போயி, அவங்ககிட்ட இதை அப்படியே சொல்லிட்டு வா."