ஃபேர் என்றால் துருக்கியில் என்ன?

கொன்றைமங்கலத்து ராஜா சூரப்ப பூபதிக்கு நாடு சின்னது, மீசை பெரியது. மீசையைவிடப் பெரியது புகழ் ஆசை. புலவர்கள் அவரைப் பாடிப் பாடிக் களைத்துப் போனார்கள். கேட்ட ராஜாவுக்கு மட்டும் களைப்பே வரவில்லை.

அவர் அரண்மனைக்கு ஒருநாள் பிரவுன்லோ என்கிற வெள்ளைக்காரக் கேப்டன் விருந்துக்கு வந்தார். வயிறு நிறைய விருந்து போட்டுவிட்டு, "எம் ஆட்சி எப்படி?" என்று ராஜா கேட்டார். துபாஷி தெய்வநாயகம் அதை இங்கிலீஷில் சொன்னார். ஊருக்கே மொழிபெயர்ப்பாளர் அவர்தான். இங்கிலீஷ், பாரசீகம், துருக்கி எல்லாம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொள்வார்.

கேப்டன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஃபேர்" என்றார். அவ்வளவுதான்.

"என்ன சொல்கிறார்?"

"மகாராஜா பெரிய நீதிமான் என்கிறார்!"

ராஜா பூரித்துப் போனார். "இதை வெள்ளித் தட்டில் துருக்கி பாஷையில் பொறியுங்கள். துருக்கிக் குதிரை வியாபாரி யூசுப் இங்கேதானே இருக்கிறான்? அவன் கையில் கொடுத்து இஸ்தான்புல் சுல்தானுக்கு அனுப்புவோம்."

துபாஷிக்கு வியர்த்தது. காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் யூசுப் தன் குதிரைகளோடு வந்திருந்தான். துபாஷி அவற்றை அப்படியே அரண்மனை லாயத்தில் கட்டச் செய்து, நல்ல ஜோடியைத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். யூசுப் சபைக்கு வந்து மார்பில் அடித்துக்கொண்டு துருக்கி பாஷையில் கத்தினான்.

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் ராஜா.

"குதிரைகளை மகாராஜாவுக்கு அன்பளிப்பாகத் தருகிறானாம்."

"அழுகிறானே?"

"ஆனந்தக் கண்ணீர், மகாராஜா."

ராஜா அதை நம்பினார். தன்னைப் பார்த்து ஒருவன் ஆனந்தப்படுவதில் அவருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? பாவம் யூசுப், கையில் ஒன்றும் இல்லாமல் சத்திரத்தில் சுருண்டு கிடந்தான்.

இப்போது துருக்கி வார்த்தை வேண்டும் என்றதும் துபாஷி சட்டென்று கையைக் காட்டினார். "மகாராஜா, லாயத்து அதிகாரி மீரா ராவுத்தர் இஸ்தான்புல் வரை போய் வந்தவர், இங்கிலீஷும் அறிந்தவர். அவர் சொல்லட்டும். ஆனால் இங்கிலீஷ் வார்த்தைக்குச் சமமாக ஒரே வார்த்தை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவறினால் ஊரை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

மீரா ராவுத்தர் பயணம் போயிருந்தவர், அன்றுதான் திரும்பியிருந்தார். லாயத்தில் புதுக் குதிரைகளைப் பார்த்தார். சத்திரத்துக்குப் போய் யூசுப்பையும் பார்த்தார். கதை புரிந்தது. ஆனால் துபாஷி ராஜாவின் செல்லப்பிள்ளை. நேரே போய்ச் சொன்னால் பொறாமை என்பார்கள்.

மறுநாள் சபை கூடியது.

"ராவுத்தரே, வார்த்தை எங்கே?"

"ஒன்று கேட்டீர்கள் மகாராஜா, நாலு கிடைத்திருக்கிறது. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு வயிறு பெரிது. ஃபேர் என்றால் வெளுத்த மேனி, பொன்னிற முடி. துருக்கியில் சாரிஷின்."

சபை ராஜாவைப் பார்த்தது. ராஜா நல்ல கருங்காலி நிறம்.

"அது வேண்டாம். அடுத்தது?"

"ஃபேர் என்றால் சுமார் என்றும் அர்த்தம். ஏதோ பரவாயில்லை என்கிறோமே, அது. துருக்கியில் ஷொய்லே பொய்லே."

"கேட்கும்போதே பொய்யாக இருக்கிறது. மேலே சொல்லும்!"

"சந்தைக்கும் ஃபேர்தான். எல்லாம் விலைக்குக் கிடைக்கிற இடம். துருக்கியில் பனாயிர்."

துபாஷி இருமினார்.

"கடைசியாக நீதிமான். ஆதில்."

"அதுதான்! அதையே பொறியுங்கள்!"

"பொறிக்கலாம் மகாராஜா. ஆனால் தட்டைப் பார்த்ததும் சுல்தான் அதைக் கொண்டுவந்தவனைத்தானே கேட்பார், அந்த ராஜா எப்படி என்று? யூசுப் அங்கே என்ன சொல்வான் என்று இங்கேயே கேட்டுவிட்டால் நல்லது."

துபாஷி துள்ளி எழுந்தார். "கூப்பிடுங்கள்! நான் மொழிபெயர்க்கிறேன்!"

"உங்களுக்கு எதற்குச் சிரமம், துபாஷியாரே? நாலு வார்த்தையும் இப்போது மகாராஜாவுக்கே தெரியும். அவன் ஒன்றைச் சொன்னால் போதும்."

யூசுப்பை அழைத்து வந்தார்கள். ராவுத்தர் நாலு வார்த்தைகளையும் அவன் முன் சொல்லி, சபையைச் சுற்றிக் கையைக் காட்டினார். இதில் எது?

யூசுப் யோசிக்கவே இல்லை. துபாஷியை நோக்கி விரலை நீட்டினான். "பனாயிர்!" என்று கத்தினான். "பனாயிர்! பனாயிர்!"

ராஜாவின் முகம் சுருங்கியது. "சந்தையா? என் சபையா? இங்கே எதை விற்றார்கள்?"

"அவனுடைய குதிரைகளை, மகாராஜா. விற்றவருக்கு லாபம் ஒரு ஜோடி. அவர் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது."

"தெய்வநாயகம்! அன்பளிப்பு என்றீரே? அன்று இவன் உண்மையில் என்ன சொன்னான்?"

துபாஷி கையைக் கூப்பினார். "தெரியாது மகாராஜா. துருக்கியில் எனக்கு வணக்கம் சொல்ல மட்டும்தான் தெரியும்."

"அப்படியானால் இப்போதே சொல்லிவிட்டுக் கிளம்பும்!"

துபாஷி தலையைக் குனிந்துகொண்டு "மேரப்பா" என்றார். மெர்ஹபா என்று சொல்லியிருக்க வேண்டும்; அதிலும் உச்சரிப்பு தப்பு. யூசுப்பே சிரித்துவிட்டான்.

கொல்லையில் நின்ற ஜோடி உட்பட எல்லாக் குதிரைகளும் யூசுப்பிடம் திரும்பி வந்தன. வேண்டியவற்றை ராஜா விலை கொடுத்து வாங்கினார். யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "ஆதில்" என்றான். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். தட்டுக்கு வார்த்தை கிடைத்துவிட்டது.

ஆனாலும் ஒரு முள் உறுத்தியது. ராவுத்தரை அருகே அழைத்து, "அந்தக் கேப்டன் இந்த நாலில் எதை நினைத்துச் சொன்னார்?" என்று மெல்லக் கேட்டார்.

"வழியனுப்பும்போது நானும் கேட்டேன், மகாராஜா."

"என்ன சொன்னார்?"

"'ராஜா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் வாள்காரர்கள். அதனால்தான் நாலு அர்த்தம் உள்ள வார்த்தையாகப் பார்த்துச் சொன்னேன்' என்றார்."

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி ராவுத்தர் கையில் வைத்து, "மோதிரம் எப்படி?" என்று கேட்டார்.

ராவுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணிவாகக் குனிந்தார்.

"ஃபேர், மகாராஜா."