ஐம்பத்தாறு டிகிரி

சண்பகவல்லி இருபது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ஹமீதா அவரைவிட எட்டு வயது இளையவர். சண்பகவல்லி "மேடம்" என்பார். ஹமீதா "அக்கா" என்பார்.

அன்று காலை சண்பகவல்லி வாட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியை ஐம்பத்தாறு டிகிரிக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தார். கையில் செல்களை வளர்க்கச் சேர்க்கும் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர்; கடைசிக் குழாய். ரத்தம் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவிடம் முடிவைக் காட்டாவிட்டால் மூன்று வருட வேலை வீண்.

ஹமீதா உள்ளே வந்தார்.

"மேடம், கிருமியோட துண்டை டி செல்களுக்குக் காட்டுறேன். அந்த எதிர்ப்பு செல்கள் சரியா அடையாளம் கண்டு பிடிச்சுக்குது. ஆனா பெருக மாட்டேங்குது. மூணு தடவை பாத்துட்டேன். தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கு?"

ஹமீதா குழாயைப் பார்த்தார். வாட்டர் பாத்தைப் பார்த்தார்.

"அதை ஐஸ்ல வைங்க அக்கா. டீ குடிச்சிட்டு வருவோம்."

வாசலில் வாட்ச்மேன் பிச்சைக்கண்ணு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் ஒருவனின் படம் ஒட்டியிருந்தது.

"இது யாரு அண்ணே?" என்றார் ஹமீதா.

"பைக் திருடன்மா. போன வருஷம் நான்தான புடிச்சுக் குடுத்தேன். ஆயிரம் பேருக்குள்ள நின்னாலும் காட்டிருவேன்."

"தலைக்கு மேலயே நிக்கிறான். நீங்க இட்லி சாப்பிடுறீங்க?"

"படத்தப் பாத்துக் கம்பத் தூக்குனா ஊரு சிரிக்காதா? கருவாயன் குரைக்கணும்லா."

கருவாயன் அவர் காலடியில் படுத்திருந்த நாய்.

"அதுக்கு இவனைத் தெரியுமா?"

"அதுக்கு யாரத் தெரியும்? வேத்து வாடை அடிச்சா குரைக்கும். டீன் அய்யாவையே ரெண்டு நாளு கார விட்டு எறங்க விடல."

திரும்பி வரும்போது ஹமீதா கேட்டார்.

"சீரத்தை எதுக்கு அக்கா சூடாக்குறோம்?"

"அதுல இருக்கிற காம்ப்ளிமென்ட் புரதங்கள் செயலிழக்கணும்னு. இன்ன கிருமின்னு தெரியாமலே பாயுறது அது. சில நேரம் நம்ம செல்லையும் உடைச்சிடும். எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் சூடாக்கித்தான் வச்சாங்க. தொந்தரவு மேடம் அது."

"கருவாயனும் தொந்தரவுதான்."

சண்பகவல்லி நடையை நிறுத்தினார். பிறகு வேகமாக உள்ளே போய் வாட்டர் பாத்தை அணைத்தார். ஐஸிலிருந்து குழாயை எடுத்து, சூடாக்காத சீரத்தை அப்படியே செல்களோடு சேர்த்தார்.