தையல்நாயகி பூட்டிய சொல்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பூவரச மரம். அதன் இரண்டு இலைகளைப் பஞ்சால் சேர்த்துத் தைத்து, உள்ளே குடியிருந்தது ஒரு தையல்சிட்டு. அதன் பெயர் தையல்நாயகி. உடம்பு கட்டைவிரல் அளவுதான். குரலோ குளத்தங்கரை முழுக்கக் கேட்கும்.

தினமும் காலையில் அது உச்சிக் கிளைக்குப் போகும். "கீச்சு! கீச்சு!" என்று தன் குஞ்சு பொட்டுவைக் கூப்பிடும். பிறகு, மேலேயிருந்து கண்டதை ஒரே மூச்சில் சொல்லிவிடும். "வடக்கே நாவல் பழுத்துவிட்டது!" "மேட்டில் புதுப் புல்!" அவ்வளவுதான்.

இந்த வழக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. குரங்கு குண்டப்பனும் "கீச்சு!" என்று தொடங்கித் தன் சேதியைச் சொன்னது. தவளை தொந்தியப்பன் அதைத் தவளை மொழியில் கத்தியது. எருமை கரியம்மா அதை எருமை மொழியில் அக்கரைக்கு அனுப்பியது. அடுத்தடுத்து வாழ்ந்து பழகியதால் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை. தவளை வாயில் அது "கீர்ச்சு" என்று வந்தது. எருமை வாயில் "கீ...ச்சூ" என்று நீண்டது. மூச்சு விடாமல் சொல்லும் சேதிக்கே "கீச்சு" என்று பெயர் விழுந்தது. அடுத்தவர் சேதியைத் திருப்பிச் சொன்னால் அது "மறுகீச்சு"!

தையல்நாயகிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள் குண்டப்பன் கிளையில் மல்லாந்து கிடந்தபடி, "கீச்சு! நான் இப்போது ஒரு கொட்டாவி விட்டேன்!" என்றது. உடனே பதினேழு தவளைகள் அதை மறுகீச்சு செய்தன.

சிட்டுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"நிறுத்துங்கள்! அது என் அம்மா எனக்குக் கொடுத்த சொல். பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். உன் கொட்டாவிக்கா அது?"

"சும்மா சொல்லக் கூடாது அக்கா, நல்ல கொட்டாவி! தாடையே கழன்றுவிடும் போலிருந்தது!"

"இளிக்காதே! இனிமேல் என்னைத் தவிர யாரும் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது. சேதியும் சொல்லக் கூடாது!"

"சேதி கூடவா?" என்று கண்ணை உருட்டியது தொந்தியப்பன்.

"ஆமாம்! உங்கள் சேதியின் லட்சணம்தான் தெரிகிறதே! மீறினால் நான் வேறு குளத்துக்குப் போய்விடுவேன்."

சிட்டு போய்விட்டால் குளக்கரை வெறிச்சோடிவிடும். அதற்குப் பயந்து எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு மூன்று நாள் ஒரு கீச்சு இல்லை, மறுகீச்சு இல்லை. "அப்பாடா!" என்று தையல்நாயகி கால் நீட்டி உட்கார்ந்தது.

நான்காம் நாள் காலையில் அது புழு தேடப் போயிருந்த நேரம். பொட்டு முதன்முதலாகச் சிறகை விரித்தது. குபீரென்று ஒரு காற்று வந்து, குஞ்சை வாரிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்த தாய் கூட்டைப் பார்த்தது. காலி! கிளை கிளையாகத் தாவித் தேடியது. அழைத்து அழைத்துத் தொண்டை கட்டிக்கொண்டது. குண்டப்பனிடம் ஓடியது.

"இங்கேதானே இருந்தாய்? என் பிள்ளையைப் பார்த்தாயா?"

"பார்த்தேனே! காற்று அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று."

"பாவி! ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

குண்டப்பன் தலையைச் சொறிந்தது. "சொன்னால் அது சேதி ஆகிவிடுமே அக்கா!"

"என் தலைக்கு மேலேதான் போயிற்று" என்றது தொந்தியப்பன். "வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இன்னும் கன்னம் வலிக்கிறது."

கரியம்மா தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தது. "அக்கரை நாணலுக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, தாயி. காட்டுப்பூனை அங்கே தண்ணீர் குடிக்க வருகிற நேரம் இது."

தையல்நாயகி கிளை நுனிக்குத் தாவி அக்கரையைப் பார்த்தது. நாணலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடந்தது. ஒற்றைச் சிட்டு எத்தனை தட்டைக்குள் எட்டிப் பார்க்கும்?

"சொல்லுங்கள்! எல்லோரும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்!"

"எதை அக்கா?"

"கீச்சு என்று சொல்லுங்களேன்! தப்பு என்னுடையதுதான். சொல்லித் தொலையுங்கள்!"

குண்டப்பன் ஒரே பாய்ச்சலில் உச்சிக் கிளையில் நின்றது. "கீச்சு! தையல்நாயகியின் குஞ்சு பொட்டுவைக் காணோம்! வால் இன்னும் வளரவில்லை! அக்கரை நாணல்! பூனை வருமுன் தேடுங்கள்!"

அத்தனை தவளைகளும் அதைத் திருப்பிக் கத்தின. குளமே அதிர்ந்தது. கரியம்மா கழுத்தை நீட்டி அக்கரைக்கு முழங்கியது. அங்கே சேற்றில் புரளும் காட்டுப்பன்றிகளுக்கு எருமை மொழி பழக்கம். அவை தம் மொழியில் நாணலுக்குள் உறுமின.

பிறகு சத்தமே இல்லை. தையல்நாயகி கிளையில் முன்னும் பின்னும் தத்தியது.

கடைசியில் நாணலுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. அதைக் கரியம்மா வாங்கித் தொந்தியப்பனிடம் கொடுக்க, அது குண்டப்பன் வாய் வழியாகச் சிட்டை வந்து சேர்ந்தது.

"கீச்சு! கிடைத்துவிட்டது! உடம்பு ஒரு கிழங்கு அளவுகூட இல்லை, சத்தம் மட்டும் மலையளவு! பூனையை முட்டி விரட்டியாயிற்று! வந்து கூட்டிப் போங்கள்!"

தையல்நாயகி அம்பாகப் பறந்தது. அங்கே ஒரு பெரிய தாய்ப்பன்றியின் பிடரியில் பொட்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, இந்த முடி ரொம்பக் குத்துகிறது!"

சிட்டு அழுதது, சிரித்தது, குஞ்சை அலகால் கோதியது. பின்னாலேயே நீந்தி வந்த கரியம்மாவிடம், "கீச்சு வருவதற்கு முன் சேதிக்கு இவர்கள் மொழியில் என்ன சொல் இருந்தது என்று கேள், அக்கா" என்றது.

பன்றி உறுமியதைக் கரியம்மா எடுத்துச் சொன்னது. "அதற்கு ஒரு சொல்லும் இல்லையாம். உங்கள் கரையில் யார் இருக்கிறார்கள் என்பதே இந்தக் கீச்சு வந்த பிறகுதான் தெரியுமாம்."

தையல்நாயகி கட்டிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டது. "கீச்சு! பொட்டு கிடைத்துவிட்டது! எல்லோருக்கும் சொல்லுங்கள்!" என்று கூவியது. அந்தச் சேதி நாணலைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, அது கேட்டே இராத மொழிகளுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

நம் சொல்லைப் பலரும் எடுத்துப் புழங்கினால் அது வளர்கிறது. அதைப் பூட்டி வைப்பவர் தமக்கு வரும் உதவியையே பூட்டி வைக்கிறார்.