ராஜினாமா செய்த லேப்டாப்

திருப்பூரில் ஒரு மாடி அறையில் செங்கோடன், நாச்சிமுத்து, குமரவேல் என்று மூன்று நண்பர்கள் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் தலை இருந்தது. முடி வளர்க்க அது போதுமானதாக இருந்தது.

செங்கோடன் ஒரு பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவன் சொந்தமாக வாங்கிய லேப்டாப்பில், வேலையில் இருந்தபோது கம்பெனிக்காரர்கள் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். வேலை போயும் பூட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி காலை பத்து மணிக்குப் புது இடத்து இன்டர்வியூ, அதுவும் லேப்டாப்பிலேயே. அதற்கென்று ஒரு ஆப் ஏற்ற வேண்டும். ஏற்றப் போனால், "நிர்வாகியின் அனுமதி தேவை" என்றது திரை.

"அனுமதிதானே கேக்குது? எழுதி வாங்கிட்டாப் போச்சு," என்றான் நாச்சிமுத்து.

பழைய கம்பெனியில் கம்ப்யூட்டர்களின் நிர்வாகி தேவசகாயம். "லேப்டாப்பக் கொண்டாங்க தம்பி, ரெண்டு நிமிச வேலை," என்றார் அவர்.

"அதெதுக்குங்க சார், உங்க அனுமதி போதுமுங்க," என்று செங்கோடன் வெள்ளைத்தாளில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கடிதத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டாம்ப் தெரியவில்லையோ என்று குமரவேல் டார்ச் அடித்தான். நாச்சிமுத்து இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வந்து, எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள் வைத்து ஒரு பகல் முழுக்க மூடி வைத்தான். பரிசீலனைக்கு நேரம் கொடுக்க வேண்டுமாம்.

மாலையில் கூடிப் பேசினார்கள்.

"செங்கோடா, நீ வேலைய விடறப்ப எழுதித்தானே குடுத்தே?" என்றான் குமரவேல்.

"ஆமா."

"இது எழுதிக் குடுத்துச்சா?"

செங்கோடன் லேப்டாப்பைப் பார்த்தான். "இல்லையேடா."

"அப்ப அது இன்னும் அந்தக் கம்பெனி ஆளுதான். நம்ம பேச்ச எப்படிக் கேக்கும்?"

மற்ற இருவருக்கும் புல்லரித்துவிட்டது. உடனே லேப்டாப்பின் பெயரில் ராஜினாமா எழுதினார்கள். கையெழுத்துக்குப் பதிலாக மௌஸை ஸ்டாம்ப் மையில் அமுக்கிக் கைநாட்டு வைத்தார்கள்.

கம்பெனி மேனேஜர் சுலோசனா எதையும் படித்துப் பார்க்கிற ரகமில்லை. "ராஜினாமாவா? முப்பது நாள் நோட்டீஸ். கடைசி நாள் வரைக்கும் டெய்லி ஒன்பது மணிக்கு டூட்டிக்கு வந்துரணும்," என்றார்.

செங்கோடன் தினமும் லேப்டாப்பை பஸ்ஸில் கூட்டிப்போய் உள்ளே ஒரு மேசையில் விட்டுவிட்டு, ஆறு மணி வரை கேட்டுக்கு வெளியே நின்றான். அவனுக்குத்தான் அங்கே வேலை இல்லையே.

முப்பதாம் நாள் தேவசகாயம் அந்த மேசைப் பக்கம் வந்தார். செங்கோடனைக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் பூட்டை எடுத்தார். "இனி இது உங்களுது. ஆன் பண்ணுனா நிர்வாகி யாருன்னு கேக்கும். பேரு போட்டுக்கங்க."

அறைக்கு வந்து ஆன் செய்தார்கள். கேட்டது.

"உம் பேரப் போடு," என்றான் நாச்சிமுத்து.

"எனக்கு அந்த வேலையில அனுபவம் இல்லையேடா. நாளைக்கு இன்டர்வியூவுல தோண்டிக் கேட்டா?"

நியாயமான பயம் என்று மூவருக்கும் பட்டது. அனுபவம் உள்ளவர் தேவசகாயம் ஒருவர்தான். அவர் பெயரையே போட்டார்கள். அடுத்துக் கடவுச்சொல் கேட்டது. நிர்வாகியின் கடவுச்சொல் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாதல்லவா? மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளுக்கு நாலு எழுத்துத் தட்டினார்கள். லேப்டாப் அதையும் வாங்கிக்கொண்டது.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ராத்திரி முழுக்க அணைக்காமல் விட்டிருந்த லேப்டாப்பில் செங்கோடன் ஆப்பை ஏற்றப் போனான். "நிர்வாகியின் அனுமதி தேவை" என்றது திரை.

யாரும் பதறவில்லை. செங்கோடன் பெட்டியைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்தான். "நல்லவேளை, பத்திரமா வெச்சிருந்தேன். அன்னைக்குச் செல்லல. இப்ப நெசமாலுமே அவருதான் நிர்வாகி." கேமராவுக்கு நேரே பிடித்தான்.

மணி பத்தடித்தது. பத்தரையும் ஆனது. "கை வலிக்குதாடா?" என்று நாச்சிமுத்து வாயைத் திறந்தான்.

"சத்தம் போடாதீங்கடா," என்றான் செங்கோடன். "படிச்சிட்டிருக்குது."