சருகுமான் வாங்கிய இரட்டை ஸ்பிரிங் சைக்கிள்

கடம்பமலையின் அடிவாரத்தில், ஆற்றோரக் கோரைப் புதருக்குள், குறுந்தாள் என்றொரு சருகுமான் தன் ஒரே குட்டியோடு வாழ்ந்துவந்தாள். முயலளவே உடம்பு, குச்சி போன்ற கால்கள். சருகின் நிறத்திலேயே பிறந்தவளாதலால் அவள் இருப்பதும் இல்லாததும் காட்டில் ஒருவருக்கும் தெரியாது. வழியில் எதிர்ப்பட்டவர்கள்கூட அவளைத் தாண்டிப் பார்த்தபடி போய்விடுவார்கள்.

செந்நாய்களுக்கு மட்டும் அவள் இருப்பிடம் தெரிந்திருந்தது. அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் அவை அவளுடைய இரண்டு குட்டிகளைக் கொண்டுபோயின. மிஞ்சியவன் மிளகு ஒருவனே.

அந்த ஆண்டு மலையில் ஒரு வேலை காலியாயிற்று. உச்சியில் பெருமழை கொட்டினால் சற்று நேரத்தில் கீழே ஆறு பெருகும். அதற்குள் ஒருவர் இறங்கிவந்து ஆற்றோரத்து உயிர்களை எச்சரிக்க வேண்டும். இத்தனை காலமும் ஓடிவந்து சேதி சொன்ன கடமானுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. ஆகவே, யானைக் கூட்டத்தின் தலைவி பெருந்தாய் ஓர் அறிவிப்பு விடுத்தாள். முதல் மழையன்று உச்சியிலிருந்து ஆற்றுத்துறை வரை சொந்த சைக்கிளில் யார் முதலில் வந்து சேர்கிறாரோ, அவருக்கே இனிச் சேதிக்காரர் வேலை. வேலையோடு உச்சிப்பாறைக் குகையும் கிடைக்கும்.

குறுந்தாளின் மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்தக் குகைதான். அதன் வாய் மிகக் குறுகல். சருகுமான் நுழையலாம்; செந்நாய் தலையைக்கூட விட முடியாது. மிளகு வளர்ந்து பெரியவனாகும்வரை அங்கே இருந்துவிட்டால் போதும். வேறெதையும் அவள் வேண்டவில்லை.

அவளிடம் ஐந்து கூடைக் கடுக்காய் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக மரத்தடி மரத்தடியாகப் பொறுக்கிச் சேர்த்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் ஈட்டியம்மாளின் கடைக்குப் போனாள். ஈட்டியம்மாள் ஒரு முள்ளம்பன்றி. மலைப்பாதையோரம் மனிதர்கள் கைவிட்டுச் செல்லும் சைக்கிள்களை இழுத்துவந்து, பழுது பார்த்து, கடுக்காய்க்கு விற்பவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் முள் குத்தும்.

குறுந்தாள் தன் தேவையைச் சொன்னாள். ஈட்டியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடையின் மூலையிலிருந்து மங்கிய பச்சை நிறத்தில் ஒரு சிறிய சைக்கிளை உருட்டிவந்தாள். முன்சக்கரத்துக்கு மேல் மட்டும் ஸ்பிரிங், பின்னால் ஒன்றுமில்லை. பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது.

"ஏறி உட்கார்," என்றாள்.

குறுந்தாள் உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் தரையில் பட்டன. பிரேக் எட்டியது. பிடித்தவுடன் சக்கரம் அப்படியே நின்றது.

"டிஸ்க் பிரேக். நனைந்தாலும் பிடிக்கும். விலை நாலு கூடை. மிச்சம் ஒரு கூடைக்குத் தலைக்கவசமும் ஒரு ட்யூபும் தருகிறேன். முதல் சைக்கிள் வாங்குகிறவளுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம்."

குறுந்தாளுக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கணமே கூடைகளை இறக்கிவைத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இராது. ஆனால் கடை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன தங்கச்சி, குட்டிக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிறாயா?"

கேட்டவன் மொத்தையன் என்னும் கரடி. தினமும் மலைச்சரிவில் பெருஞ்சத்தத்தோடு சைக்கிள் விடுகிறவன். காடே அவனை வேடிக்கை பார்க்கும். அவனுக்குப் பக்கத்தில் நெடுவாலன் என்னும் மந்தி நின்றிருந்தது. அது ஒருநாளும் சைக்கிளில் ஏறியதில்லை. ஆனால் மரத்தின் மேலிருந்து எல்லாருடைய ஓட்டத்தையும் பார்த்திருந்ததால், சைக்கிளைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்பியிருந்தது.

குறுந்தாள் தலை நிமிர்ந்தாள். தங்கச்சி! அவளை இதற்கு முன் அப்படி யாரும் அழைத்ததில்லை. மலையே வேடிக்கை பார்க்கும் கரடி அவளைப் பார்த்தது மட்டுமல்ல, உறவு சொல்லியும் அழைத்துவிட்டான். கேலியாகத்தான் அழைத்தான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இனித்தது.

கரடி உள்ளே வந்து, பச்சை சைக்கிளை ஒற்றைக் கையால் தள்ளிவைத்தான். பின்னால் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் போனால் முதுகெலும்பு பொடியாகிவிடும் என்றான். தான் அப்படி ஒரு வண்டியில் போய் மூன்று மாதம் படுத்துக்கிடந்ததைச் சொன்னான். அவன் எடை என்ன, தன் எடை என்ன என்று குறுந்தாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மந்தி தன் பங்குக்கு, கால் நீட்டி மிதிக்காதவர்கள் வேகம் போக முடியாது, ஆகவே சைக்கிளின் சட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்றது. அதன் கால்கள் வாசற்படியிலிருந்து கூரை வரை இருந்தன.

இருவரும் சேர்ந்து கடையின் நடுவில் நின்ற ஒரு சைக்கிளைக் காட்டினார்கள். ரத்தச் சிவப்பு. முன்னும் பின்னும் ஸ்பிரிங். தடித்த டயர், பளபளக்கும் பெடல். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். விலை ஐந்து கூடை.

ஈட்டியம்மாள் ஒரே ஒரு முறை குறுக்கிட்டாள்.

"அதில் இருப்பது ரப்பர் கட்டைப் பிரேக். ஐந்து கூடைக்கு இரண்டு ஸ்பிரிங் தருகிறார்கள் என்றால் வேறெங்கோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். உனக்கு அது பெரிசு. நம்பிக்கை இல்லையென்றால் எடுத்துப்போய்ச் சரிவில் ஒரு தடவை விட்டுப்பார்."

வேடிக்கை பார்க்கக் கடையில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடம்பமலையில் ஒரு வழக்கம் உண்டு. விலை கொடுக்காத பொருளைச் சமதரையில் மட்டுமே ஓட்டிப் பார்க்கலாம். சரிவில் இறக்கக் கூடாது. இறக்கினால் கடைக்காரரை நம்பவில்லை என்று அர்த்தம். அது பெரிய அவமரியாதை. கடைக்காரியே அனுமதி தந்தது அதுவரை எவரும் கேட்டிராத சங்கதி.

"மரியாதை தெரிந்தவள் அப்படிச் செய்வாளா?" என்றது மந்தி.

குறுந்தாள் மரியாதை தெரிந்தவளாகவே இருக்க விரும்பினாள். அதைவிட, அத்தனை பேர் பார்க்கும்போது சரிவில் விழுந்துவிடக் கூடாது என்று விரும்பினாள். ஆகவே கடைக்கு முன்னிருந்த சமதரையில் ஒரு வட்டம் அடித்தாள். நுனிக்குளம்பு மட்டுமே பெடலில் பட்டது. பிரேக்கை எட்ட முழு உடம்பையும் முன்னால் சாய்க்க வேண்டியிருந்தது. ஆனால் சமதரையில் பிரேக்குக்கு வேலை ஏது? கரடி கைதட்டினான்.

"இப்போதுதான் பார்க்க ஒரு ஆளாக இருக்கிறாய், தங்கச்சி."

ஐந்து கூடைகளும் அங்கேயே இறங்கின. தலைக்கவசத்துக்கு ஒரு கடுக்காயும் மிஞ்சவில்லை.

பச்சை சைக்கிளை மறுநாள் பழுப்பன் என்னும் கீரி வாங்கிக்கொண்டுபோனான். தலைக்கவசத்தையும் சேர்த்துத்தான். அவனும் புதியவன், அவனும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டவன். யாருமில்லாத பள்ளத்தாக்கில் அவன் தினமும் இறங்கினான், விழுந்தான், மறுபடி ஏறினான். முழங்கால் சிராய்ப்போடு அவன் தண்ணீர் குடிக்க வரும்போது துறையில் எல்லாரும் சிரித்தார்கள். குறுந்தாளும் சிரித்தாள். சிரிப்பவர்களின் பக்கத்தில் நிற்பது அவளுக்குப் புதிது, சுகமாக இருந்தது.

அவள் ஆற்றங்கரை மணலில், எல்லாரும் பார்க்கும்படி ஓட்டிப் பழகினாள். சரிவில் இறங்கிப் பார்க்கலாமா என்று ஒருநாள் கரடியிடம் கேட்டதற்கு, புதுப் பெயின்டில் கீறல் விழுந்தால் பார்க்க நன்றாக இராது, மழை வரட்டும் என்றான். மிளகு தன்னொத்த முயல் குட்டிகளை அழைத்துவந்து, அம்மாவின் சைக்கிளைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தான்.

மழை வந்தது.

பெருந்தாய் உச்சியில் நின்று துதிக்கையை உயர்த்தினாள். போட்டிக்கு வந்தவர்கள் குறுந்தாளும் கீரியும் மட்டுமே; இருவரும் புறப்பட்டார்கள். ஆற்றுத்துறையில் காடே கூடியிருந்தது. மிளகு எல்லாருக்கும் முன்னால் நின்றான்.

முதல் பத்து மரம் வரை குறுந்தாளே முன்னால் போனாள். பெரிய சக்கரம் நன்றாக உருண்டது. பிறகு கற்கள் தொடங்கின. பின்சக்கரத்து ஸ்பிரிங் கரடியைப் போன்ற கனத்துக்காகச் செய்யப்பட்டது. சருகுமானின் எடைக்கு அது அமுங்கவே இல்லை. ஒவ்வொரு கல்லும் அவளைச் சீட்டிலிருந்து தூக்கி எறிந்தது. குளம்பு பெடலை விட்டது. மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த கல் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த வண்டியில் தனக்காக எதுவுமே இல்லை என்பது ஒரு நொடியில் விளங்கியது.

முதல் வளைவு எப்படியோ கடந்தது. மூங்கில் காட்டையொட்டிய இரண்டாம் வளைவில் அவள் முழு உடம்பையும் முன்னால் சாய்த்துப் பிரேக்கைப் பிடித்தாள். நனைந்த ரப்பர் கட்டை ரிம்மில் வழுக்கியது. வேகம் சற்றும் குறையவில்லை. சிவப்பு சைக்கிள் ஒருபக்கம், அவள் ஒருபக்கம். பாறையில் மோதிய முன்னங்கால் சுள்ளி முறிவதுபோல் முறிந்தது.

பின்னால் வந்த கீரி பிரேக்கைப் பிடித்தான். அவன் சைக்கிள் நின்றது. அவன் முகத்தில் வெற்றியின் களிப்பு இல்லை.

"அக்கா, எழுந்திரிக்க முடியுமா?"

அவள் எழ முயன்றாள்; முறிந்த கால் தாங்கவில்லை.

"நான் இங்கே நின்றால் இந்த வேலை யாருக்கும் இல்லாமல் போகும், அக்கா. எனக்கும் வீட்டில் நாலு குட்டி. கீழே போய் ஆள் அனுப்புகிறேன்."

அவன் போனான். சொன்னபடி ஆளும் அனுப்பினான். ஆற்றுத்துறையில் அவன் வந்து நின்றபோது எல்லாரும் ஆரவாரித்தார்கள். மிளகு மட்டும் அவன் வந்த வழியையே பார்த்துக்கொண்டு, "அம்மா எங்கே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பெருந்தாய் குறுந்தாளைப் பார்க்க வந்தாள். விழுந்ததற்காகத் தான் கோபிக்கவில்லை என்றும், ஆனால் வெள்ளம் ஒருவருக்காகவும் காத்திராது என்றும் சொன்னாள். குகை கீரிக்கென்று முடிவாயிற்று. அது நியாயம்தான் என்று குறுந்தாளுக்கே தெரிந்தது.

கரடியும் மந்தியும் வந்தார்கள். கரடி சைக்கிளைத்தான் முதலில் நிமிர்த்தினான். பெயின்ட் உரிந்திருந்ததைக் கண்டு உச்சுக்கொட்டினான்.

"இத்தனை சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று நான் அன்றைக்கே நினைத்தேன்," என்றது மந்தி.

"ஓட்டத் தெரிய வேண்டும்," என்றான் கரடி.

தங்கச்சி என்ற சொல் அன்று அவன் வாயில் வரவில்லை. மறுநாள் அவர்கள் இருவரும் ஈட்டியம்மாளின் கடை வாசலில் நின்று ஒரு முயலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான், மூன்று காலில் நொண்டியபடி, குறுந்தாள் சிவப்பு சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மிளகு அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். வளைந்த சட்டத்துக்கு அரைக் கூடைதான் தர முடியும் என்றாள் ஈட்டியம்மாள். குறுந்தாள் பேரம் பேசவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"இது எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் விற்றீர்கள்?"

ஈட்டியம்மாள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் நீ வாங்கியிருக்கமாட்டாய். எனக்கும் அது தெரியும்."

அவள் குரலில் வெட்கம் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் கூடைகளைத் திருப்பித் தரவில்லை. வாசலில் முயல், கரடியின் சொல் கேட்டு, தலைக்கு மேல் உயர்ந்த ஒரு சைக்கிளின் மேல் ஏற முயன்றுகொண்டிருந்தது. குறுந்தாள் அதனிடம் போய், அந்த வண்டி வேண்டாம், சரிவில் இறக்கிப் பார்த்துவிட்டு வாங்கு என்றாள். முயல் அவளுடைய முறிந்த காலைப் பார்த்தது. பிறகு கரடியைப் பார்த்தது. கரடி கண்சிமிட்டினான். முயல் சிரித்தது.

தாயும் குட்டியும் கோரைப் புதருக்குத் திரும்பினார்கள். வழியில் மிளகு, கால் சரியானதும் மறுபடி ஒரு சைக்கிள் வாங்கலாமா, குகைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். சருகுமானின் முறிந்த கால் பழையபடி கூடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையில், மூங்கிலுக்குப் பின்னால், செந்நாய்கள் ஒன்றையொன்று அழைக்கும் சீழ்க்கை ஒலி எழுந்தது. இன்னும் தொலைவில்தான் இருந்தன.

குறுந்தாள் நின்றாள்.

"மிளகு, இனிமேல் இந்தச் சத்தம் கேட்டால் என் பக்கத்தில் வரக் கூடாது. என்னைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஓட வேண்டும்."

"நீ, அம்மா?"

அவள் இப்போதே ஒருமுறை ஓடிக் காட்டச் சொன்னாள். அவன் ஓடினான். வேகம் போதாது என்று மறுபடி ஓடச் சொன்னாள்.

தமக்கு வேண்டியது எது என்பதைத் தம் உடம்பையும் தம் நிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பார்ப்பவர்களின் மெச்சுதலுக்காகப் பொருள் வாங்குகிறவர், அதற்குரிய முழு விலையையும் தம்மை நம்பியிருப்பவரின் உயிரிலிருந்தே கொடுக்க நேரும்.