கீரி வளையில் ஒரு வெள்ளை முட்டை

ஈச்சங்காட்டில் செவத்தான் என்ற கீரி, மனைவி பூவாயியோடும் இரண்டு குட்டிகளோடும் ஒரு வளையில் வாழ்ந்துவந்தான். அவன் வாடை பட்டாலே பாம்புகள் வழிமாறிப் போய்விடும். காலையில் நால்வரும் வளை வாசலில் தலைகுனிந்து, "ஆண்டவரே, எங்கள் வீட்டைக் காத்தருளும்" என்று வேண்டிக்கொள்வார்கள். பிறகுதான் பெரியவர்கள் இருவரும் இரை தேடப் புறப்படுவார்கள்.

ஒருநாள் காட்டில் காற்றே இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இடிந்த புற்றொன்றில் செவத்தான் பெரிய நாகம் ஒன்றைக் கடித்துக் கொன்றான். புற்றுக்குள் அதன் முட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றான். கடைசி முட்டை பால்போல் வெளுத்திருந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்லப் புரண்டது. யாரோ காதோரம் தன் பெயரைச் சொன்னதுபோல் இருந்தது அவனுக்கு.

'இவ்வளவு பெரிய பாம்பையே கொன்றவன் நான். இந்த முட்டை என்னை என்ன செய்துவிடும்?' என்று நினைத்தான். அதைக் கவ்விக்கொண்டு வந்து, வளையின் உள்மூலையில் மண்ணுக்குள் மறைத்துவைத்தான்.

அன்றுமுதல் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த மூலைக்குப் போய்ப் படுத்து, முட்டையோடு முணுமுணுத்துக்கொண்டிருப்பான். காலை வேண்டுதலில் தலை குனிந்திருக்கும். மனம் மட்டும் மூலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"அப்பா, நம்ம வளையில பாம்பு வாடை அடிக்குது" என்றது இளைய குட்டி.

"அது என் மேல அடிக்கிற வாடைடா. பாம்போட சண்டை போட்டுட்டுத்தானே வர்றேன்" என்றான் செவத்தான்.

பூவாயி அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்க மூலையில போய் யாரோட பேசுறீங்க?"

"யாரோடயும் இல்ல."

அவள் முதுகு மயிர் சிலிர்த்தது. ஆனாலும் கணவன் சொல்லை நம்பினாள். போகப் போகக் குட்டிகளுக்கும் அந்த வாடை பழகிவிட்டது.

ஓர் உச்சிப்பொழுதில் செவத்தானும் பூவாயியும் இரையோடு திரும்பினார்கள். வாசலில் குட்டிகளைக் காணவில்லை. உள்ளேயிருந்து சத்தமும் இல்லை. மண்ணில் ஒரு தடம் நெளிந்து நெளிந்து வளைக்குள் போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

"உள்ள யாரு?" என்று கேட்டான் செவத்தான்.

இருட்டுக்குள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "வழியில போன பாம்பு நான். கீரி வாடை வந்திருந்தா இந்தப் பக்கமே தலைவச்சிருக்க மாட்டேன். இங்க எங்க வாடைதான் வந்துச்சு. எங்காளுங்க வீடுன்னு நெனச்சு நுழைஞ்சேன்."

"என் பிள்ளைங்க எங்க?"

"நான் வந்தப்ப ரெண்டும் தூங்குச்சு. பழகின வாடைதானே. பக்கத்துல போயும் கண்ணைத் திறக்கல."

செவத்தான் உள்ளே பாய்ந்தான். தன் சொந்த வீட்டின் இருட்டில் கட்டிப்புரண்டு அந்தப் பாம்பைக் கொன்றான். இளைய குட்டி சுவரோடு ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. மூத்த குட்டியின் உடல் சில்லிட்டுக் கிடந்தது.

செவத்தான் மூலை மண்ணைப் பறித்தான். முட்டையை எடுத்துவந்து பூவாயியின் முன்னால் வைத்தான். "நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் மறைச்சேன்."

பூவாயி செத்துக் கிடந்த பிள்ளையின் முகத்தை நக்கிக்கொடுத்தாள். பிறகு, "அன்னிக்குக் கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

முட்டையின் தோல் ஏற்கெனவே கீறியிருந்தது. கீறலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண் இமைக்காமல் அவனையே பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் அவன் தாடை ஒரு கணம் தயங்கியது. பிறகு முட்டையை இறுக்கிக் கடித்து நொறுக்கினான்.

வெளியே நிற்கும் பாவங்களோடு எவ்வளவுதான் போராடினாலும், இதயத்துக்குள் நாமே ஆசையாக மறைத்துவைக்கும் சிறு பாவம் பெரிய பாவத்துக்கு வாசலைத் திறந்துவிடும். ஆகவே அதை ஆண்டவரிடம் அன்றே அறிக்கையிட்டு, அன்றே எறிந்துவிட வேண்டும்.