நாலு பேருக்கு நூடுல்ஸ்

விருத்தாசலத்தில் அண்ணன் தம்பிகள் நாலு பேர் இருந்தார்கள். தணிகாசலம், வேங்கடாசலம், அருணாசலம், சோணாசலம். அசலம் என்றால் மலை, அசையாதது. அப்பன் என்ன நினைத்துப் பேர் வைத்தாரோ, சாப்பாட்டு நேரத்தில் நாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. மூத்தவனுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மற்ற மூன்றுக்கும் பெண் கொடுக்குமளவுக்கு ஊரில் யாருக்கும் இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை.

நாலு மலைக்கும் ஆக்கிக் கொட்டியவள் மூத்தவன் பெண்டாட்டி மங்கையர்க்கரசி. ஒருநாள் அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது. நெய்வேலியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பையைத் தூக்கிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவேன். நீங்களே சமைச்சு எனக்கு ஒரு வாய் சாப்பாடு போடணும். இல்லேன்னா வந்த கையோட திரும்பிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்!”

தணிகாசலம் நடுங்கிப் போனான். பெண்டாட்டி மேல் அவனுக்குப் பிரியம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. பசி அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவளுக்குத் தள்ளுவண்டிக் கடை நூடுல்ஸ் என்றால் உயிர். அதையே செய்வது என்று செல்போன் வீடியோவில் ஒரு சமையல்கார அக்காவைப் பிடித்தார்கள். அக்கா சொல்வதில் ஒரு எழுத்து மாறக்கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வேறு.

வேகவைத்தது வரைக்கும் பழுதில்லை. “வெந்ததும் பச்சைத் தண்ணியில நல்லா அலசுங்க,” என்றாள் அக்கா.

“அலசத்தான் மிஷின் இருக்கே,” என்றான் வேங்கடாசலம். நூடுல்ஸை அள்ளி வாஷிங் மிஷினில் போட்டார்கள்.

“இருங்கடா, உள்ள என் சிவப்பு லுங்கி கிடக்கு,” என்று பதறினான் சோணாசலம். “வெள்ளையோட கலரைப் போடாதேன்னு அண்ணி திட்டுவாங்களே!”

“நூடுல்ஸ் வெள்ளையா, கலரா?”

நாலு தலையும் மிஷினுக்குள் குனிந்து ஆராய்ந்தன. லேசான மஞ்சள், ஆகவே கலர்தான் என்று தீர்ப்பானது. லுங்கியோடு சுற்றி வெளியே வந்தபோது தள்ளுவண்டிக் கடைச் சிவப்பு அப்படியே ஏறியிருந்தது. நாலு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

“தண்ணி சொட்டுகூட நிக்கக்கூடாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டவும் கூடாது,” என்றாள் அக்கா அடுத்து.

மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொரு இழையாகத் தொங்கவிட்டுக் கிளிப் மாட்டினார்கள். கிளிப் போதவில்லை. அருணாசலம் பக்கத்து வீட்டு ரமணியம்மாள் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான். அந்தம்மாள் புடவை பறந்து சாக்கடையில் விழுந்தது. அதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லாததால் இவர்களும் கண்டுகொள்ளவில்லை.

சித்திரை வெயில் சும்மா இருக்குமா? “அண்ணே, பாக்கெட்ல இருந்த மாதிரியே விறைச்சுப் போச்சு!”

“நல்லதாப் போச்சு. இப்ப புதுசு,” என்றான் தணிகாசலம். மறுபடியும் முதலிலிருந்து வேகவைத்தார்கள். இந்தத் தடவை கரண்ட் போய்விட்டதால் நூடுல்ஸ் மிஷினிலிருந்து தப்பித்தது.

“காய், சாஸ் எல்லாம் போட்டுக் கைவிடாம கிளறுங்க.”

தணிகாசலம் கரண்டியைப் பிடித்தவன் விடவே இல்லை. மூக்கு அரித்தபோது வேங்கடாசலம் சொறிந்துவிட்டான். வேட்டி அவிழ்ந்தபோது அருணாசலம் கட்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மங்கையர்க்கரசி வந்து நின்றாள். அடுப்படியில் புருஷன்! அதுவும் வேர்த்து விறுவிறுத்து! வாசனையும் சும்மா சொல்லக்கூடாது, தெருமுனை வரைக்கும் தூக்கியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவாங்க?” என்றபடி பையைக் கீழே வைத்தாள்.

“அவ்வளவுதான், அடுப்பை அணைச்சிடுங்க,” என்றாள் செல்போன் அக்கா. “இது நாலு பேருக்குத் தாராளமா போதும்.”

அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாம நாலு பேர். அண்ணியோட அஞ்சு ஆகுதே,” என்றான் வேங்கடாசலம்.

“அண்ணிக்காகத்தானே செஞ்சோம்?” என்றான் சோணாசலம்.

“அதுக்காக? நாம காலையிலேருந்து இங்க கிடக்கோம். அவங்க இப்பத்தானே வர்றாங்க!”

“அதானே. சத்தியம் பண்ணிட்டு மீறினா சாமி கண்ணைக் குத்திடும்,” என்றான் அருணாசலம்.

தணிகாசலம் பெண்டாட்டியிடம் வந்து பாசமாகச் சொன்னான்: “மங்கை, இன்னிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வந்துடேன். அஞ்சு பேருக்கு ஒரு வீடியோ தேடி வைக்கிறேன்.”

அவள் நாலு மூஞ்சியையும் ஒருமுறை பார்த்தாள். “என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்,” என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நாலு இலை போட்டு நாலு பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். “சூடா பரிமாறுங்க,” என்றாள் அக்கா.

காத்திருந்தார்கள். யாரும் பரிமாறவில்லை.

“நான் போடட்டுமா?” என்று சோணாசலம் எழப் பார்த்தான்.

“உக்காருடா! நீ எழுந்துட்டா சாப்பிட மூணு பேர்தானே இருப்போம்?”

வேறு வழி? தணிகாசலம் கரண்டியோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. “மங்கை! நாலே நாலு கரண்டி போட்டுட்டு அடுத்த பஸ்ல போயிடு!” என்று ஜன்னலுக்குள் கரண்டியை நீட்டினான்.

“யாரும்மா அது, தெரிஞ்சவரா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இல்லண்ணே. நீங்க டபுள் விசில் குடுங்க,” என்றாள் மங்கையர்க்கரசி.

செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதும்படி அக்கா கேட்டிருந்தாள். சொல் தட்டாத பிள்ளைகள் ஆயிற்றே! சாயங்காலம், இலை வாடி, நூடுல்ஸ் கட்டியாகிக் கிடக்க, நாலு பேரும் கூடி யோசித்து எழுதினார்கள்:

“அக்கா, செஞ்சு பார்த்தோம். சூப்பரா வந்துச்சு. வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ருசி மட்டும் எப்படின்னு இன்னும் தெரியல. பரிமாற ஆள் எந்தக் கடையில் கிடைக்கும்னு அடுத்த வீடியோவில் சொல்லவும்.”